பலவானுக்கு வந்த பசி

இந்த மாதம் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையைத் தியானிப்போம். சபைப் பத்திரிகையில் விளையாட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்காமல் முடிவுவரை வாசியுங்கள்.

அவர் பெயர் ரெஜி ஒயிட். அமெரிக்காவில் டென்னசி மாநிலம், சட்டனூகா பட்டணத்தில் 1961 டிசம்பர் 19 அன்று பிறந்தார். பாட்டியோடு ஆலயத்துக்குப் போய் வளர்ந்த பிள்ளை. விளையாட்டு வீரனாகணும், ஊழியக்காரனாகணும் என்று சிறுவயதிலேயே தாயிடம் சொன்னார். 17 வயதில் பாப்டிஸ்ட் சபையில் ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணப்பட்டார்.

அவர் ஆடியது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, வீசுகிற ஆட்டம். எதிரணியில் பந்தை வீசுகிறவரை, வீசுமுன்னே பாய்ந்து தரையில் சாய்ப்பதுதான் இவர் வேலை. 130 கிலோவுக்கு மேல் எடை. ஆனாலும் மின்னல் வேகம். 1985 முதல் 1992 வரை பிலடெல்பியா அணிக்கு 121 ஆட்டங்களில் 124 முறை அப்படிச் சாய்த்தார். மொத்தக் கணக்கு 198. ஆங்கிலத்தில் மந்திரிக்கும் போதகருக்கும் ஒரே சொல் உண்டு. அதை வைத்து ஜனங்கள் அவரைப் பாதுகாப்பு மந்திரி என்றே அழைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும், இவ்வளவு நேரம் மோதின எதிரணியாரோடு மைதானத்திலேயே முழங்கால்படியிட்டு ஜெபிப்பார்.

1993-ல் ஜெபத்தோடு கிரீன் பே அணிக்குப் போனார். 1995 டிசம்பரில் தொடையின் பின்தசை கிழிந்தது. அறுவை சிகிச்சை வேண்டும், இந்த வருஷம் இனி ஆடமாட்டார் என்று அணி அறிவித்துவிட்டது. ஆனால் அதே வாரத்தில் மைதானத்தில் இறங்கினார்! கர்த்தர் தொட்டார் என்று சாட்சி சொன்னார். அடுத்த மாதமே பாடு வந்தது. நாக்ஸ்வில் பட்டணத்தில் அவர் துணைப் போதகராயிருந்த சபையின் ஆலயத்தை 1996 ஜனவரி 8 அன்று யாரோ கொளுத்திவிட்டார்கள். கிரீன் பே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்து ஜனங்கள் காணிக்கை அனுப்பினார்கள். 1997 ஜனவரி 26 அன்று அவர் அணி 35-21 என்று ஜெயித்து தேசத்தின் வெற்றிக்கோப்பையை வாங்கியது.

ஆனால் புகழ் பிரசங்கபீடத்திலும் ஏறிக்கொள்ளும். 1998-ல் விஸ்கான்சின் சட்டசபையில் அவர் இனங்களைப் பற்றிப் பேசியது பலரைப் புண்படுத்தியது. விளையாட்டை விட்டபின் தன்னைத்தானே ஆராய்ந்தார். சபைகள் தன்னை அழைத்தது வசனத்துக்காகவா, பெயருக்காகவா? இத்தனை வருஷம் பேசினது தான் தேடிக் கண்டதா, மற்றவர்கள் சொன்னதா? அது அவரைக் குத்தியது. பிரசங்கத்தைக் குறைத்து, நாற்பது வயதில் எபிரெய எழுத்துக்களைப் படிக்க உட்கார்ந்தார். வேதத்தை மூலபாஷையில் வாசிக்கணும் என்ற பசி! அந்தத் தேடலில் அவர் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. பசியை மட்டும் கவனியுங்கள்.

2004 டிசம்பர் 26 அதிகாலையில் இருதயத்துடிப்பு தடுமாறி மரித்தார். வயது 43. நுரையீரல் வியாதியும், தூக்கத்தில் மூச்சு தடைபடும் வியாதியும் இருந்தன. தசையைச் சுகமாக்கின தேவன் இதை ஏன் அனுமதித்தார்? நமக்குத் தெரியாது. சுகம் அவர் தரும் ஈவு; ஆயுசும் அவர் கையில்தான்.

தேவபிள்ளையே, உன் ஜெபமும் சாட்சியும் போதகரிடத்தில் கேட்டு ஒப்பிப்பதா, நீ முழங்காலில் பெற்றதா? இன்றிரவே வேதத்தைத் திற. பலவானுக்கு வந்த அந்தப் பசியைக் கர்த்தர் உனக்கும் தருவாராக. ஆமென்.