நோயாளியைத் தேடிப் பறந்த குருவானவர்



கந்தப்பளையின் மேற்பிரிவு லயன் ஒன்றில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி எது? எந்த வைத்தியரிடம் போவது என்பதன்று. எந்த வாகனத்தில் போவது என்பதே. தோட்டத்து லொறி நிற்கிறதா, முச்சக்கரவண்டிக்காரர் விழித்திருப்பாரா, மழைக்குப் பாதை இடிந்து கிடக்கிறதா என்று விசாரித்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. நுவரெலியா வைத்தியசாலை மைல் கணக்கில் அதிக தூரமில்லை. ஆனால் இருட்டிலும் மழையிலும் வாகனம் இல்லாத வீட்டாருக்கு அது எட்டாத தொலைவாகவே தோன்றும்.

தூரம் உயிரைக் குடிக்கும் என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட உங்கள் மூதாதையர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தார்கள். ஆகவே, தூரத்தோடு போராடுவதையே தமது அழைத்தலாக ஏற்றுக்கொண்ட ஒரு குருவானவரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் அருட்தந்தை பவுல் ஷுல்டே. உலகம் அவரைப் பறக்கும் குருவானவர் என்று அழைத்தது.

1895ஆம் ஆண்டு ஜேர்மனியின் மக்டபூர்க் நகரில் பிறந்த ஷுல்டே, முதலாம் உலகப் போரில் தம் நாட்டுப் படையில் சேர்ந்து விமானியாகப் பயிற்சி பெற்றார். விமானம் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது இருபது ஆண்டுகள்கூட நிறைவுபெறவில்லை. அந்தப் புதிய கருவியை மனிதர் முதன்முதலில் பெருமளவில் பயன்படுத்தியது ஒருவரையொருவர் அழிப்பதற்கே. அந்தப் போரின் நடுவில் விமானம் ஓட்டக் கற்ற இளைஞர், போர் ஓய்ந்தபின் அமலமரித் தியாகிகள் சபையில் 1922ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தச் சபை நமக்கு அந்நியமானதன்று. புனித யூஜின் டி மசெனட் அனுப்பிவைத்த அதன் முதற்குழு 1847ஆம் ஆண்டிலேயே நம் இலங்கை மண்ணில் கால்பதித்தது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் வளர்ச்சியில் அச்சபையாரின் வியர்வை கலந்திருக்கிறது.

குருவானவரான ஷுல்டே விமானத்தை மறந்திருக்கக்கூடும். ஆனால் 1925ஆம் ஆண்டு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு மரணச் செய்தி அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. அவருடைய நெருங்கிய நண்பரும் அதே சபையின் குருவானவருமான ஒட்டோ ஃபூர்மன், அன்று தென்மேற்கு ஆபிரிக்கா எனப்பட்ட இன்றைய நமீபியாவில், ஓவம்போ மக்களிடையே பணியாற்றி வந்தார். அவரை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. வைத்தியசாலையோ பல நாள் பயணத் தொலைவில் இருந்தது. விரைந்து கொண்டுசெல்ல வாகனம் இல்லை. அந்தக் காலத்து வைத்தியத்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய ஓர் உயிர், தூரத்தின் காரணமாகப் பிரிந்தது.

துயரச் செய்தி கேட்டவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? கண்ணீர் வடிப்போம், பூசை ஒப்புக்கொடுப்போம், இறைவனின் திருவுளம் என்று சொல்லி ஆறுதலடைவோம். இவை யாவும் நல்லவையே. ஆனால் நண்பரின் மரணத்தை இறைவனின் கணக்கில் எழுதிவிட்டு ஷுல்டே ஓய்ந்துவிடவில்லை. இதில் மனிதர் தீர்க்கக்கூடிய ஒரு குறை இருக்கிறது என்று கண்டார். ஒருவரையொருவர் கொல்வதற்கு வானில் பறக்க முடிந்த மனிதருக்கு, ஒருவரைக் காப்பாற்றப் பறக்க முடியாதா? அவர் போரில் கற்ற தொழில் இப்போது நற்செய்திக்குத் தேவைப்பட்டது.

1927ஆம் ஆண்டு கொலோன் நகரில் அவர் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். மறைபரப்புப் பணியாளருக்கு வாகனங்கள் வழங்குவதே அதன் நோக்கம். மீவா என்னும் சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. மோட்டார் சைக்கிள், கார், படகு, விமானம் என அந்தந்த நிலத்துக்கு எது பொருந்துமோ அதை வாங்கி அனுப்புவது அதன் வேலை. நிலத்திலும் நீரிலும் ஆகாயத்திலும் கிறிஸ்துவை எதிர்கொள்ளப் புறப்படுவது என்பதே அதன் விருதுவாக்கின் கருத்து. இதைக் கவனியுங்கள். கிறிஸ்துவை ஏற்றிச் செல்வது என்று ஷுல்டே எண்ணவில்லை. பாதையின் மறுமுனையில் நோயாளியாகக் கிறிஸ்து காத்திருக்கிறார். அவரைச் சந்திக்கவே போகிறோம் என்று எண்ணினார்.

இவ்விடத்தில் உங்களுள் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். நம் நாட்டின் அப்போஸ்தலராகிய புனித யோசப் வாஸ் அடிகளாருக்கு எந்த வாகனம் இருந்தது? 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அவர் நடந்தே கண்டிக்குப் போனார். 1697ஆம் ஆண்டு கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளிகளைத் தாமே தூக்கிப் பராமரித்தார். அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு கொழும்பில் புனிதராக உயர்த்தினார். புனிதத்துக்கு இயந்திரம் எதற்கு? உண்மையே; இயந்திரம் எவரையும் புனிதராக்காது. ஆனால் வாஸ் அடிகளார் தமக்குக் கிடைத்த எல்லாவற்றையும் நோயாளிக்குக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தவை இரு கால்கள். ஷுல்டேக்குக் கிடைத்தது விமானம் ஓட்டும் திறன். அதை அவர் கொடுத்தார். நல்ல சமாரியரின் உவமையையும் நினைத்துப் பாருங்கள். அவர் காயங்களைக் கட்டியதோடு நிற்காமல், அடிபட்டவரைத் தம் சொந்த மிருகத்தின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனார். அந்த மிருகம் இல்லாவிட்டால் அவருடைய இரக்கம் பாதி வழியில் நின்றிருக்கும்.

ஷுல்டேயை உலகெங்கும் பிரபலமாக்கிய நிகழ்ச்சி 1936ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. ஹிண்டன்பேர்க் என்னும் மாபெரும் ஆகாயக் கப்பல் ஜேர்மனியிலிருந்து வட அமெரிக்காவுக்கு மேற்கொண்ட முதற் பயணத்தில் அவரும் ஏறினார். திருத்தந்தை பதினொராம் பத்திநாதரின் அனுமதியோடு, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். வானத்தில் நிறைவேற்றப்பட்ட முதல் திருப்பலி என அது போற்றப்படுகிறது. கப்பலை மிதக்கச் செய்தது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு என்பதால், பீடத்து மெழுகுதிரிகள் ஏற்றப்படவில்லை. அடுத்த ஆண்டு மே 6ஆம் திகதி அதே கப்பல் அமெரிக்காவில் தரையிறங்கும் வேளையில் எரிந்து சாம்பலானது; 36 பேர் மாண்டனர். மனிதரின் வேகம் எவ்வளவு பலவீனமானது என்பதையும் அந்தச் சாம்பல் சொல்கிறது.

ஆயினும் அவருடைய அழைத்தலின் உண்மையான முகத்தை 1938ஆம் ஆண்டில்தான் காண்கிறோம். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பே என்னும் தனித்த மறைத்தளத்தில், அருட்தந்தை ஜூலியன் கொஷார் கடுமையாக நோயுற்றார். ஆண்டின் பெரும் பகுதி பனிக்கட்டி சூழ்ந்திருக்கும் அந்தக் கரைக்குக் கப்பல் வருவது அரிது. அக்காலத்தில் காந்த வடமுனை அருகில் இருந்ததால் அந்தப் பிரதேசத்தில் விமானியின் திசைகாட்டியை நம்ப முடியவில்லை. மூடுபனி எந்த நேரத்திலும் இறங்கும். எரிபொருள் தீர்ந்தால் உதவிக்கு எவருமில்லை. நீரில் இறங்கக்கூடிய சிறு விமானத்தில் ஷுல்டே புறப்பட்டார். போகவர இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட பயணம் அது. நோயாளியான சகோதரக் குருவை ஏற்றிவந்து வைத்தியரிடம் ஒப்படைத்தார். ஒட்டோ ஃபூர்மனுக்குச் செய்ய முடியாமற்போன உதவியைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவருக்குச் செய்தார்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போது ஐக்கிய அமெரிக்காவில் இருந்த அவர், ஜேர்மானியர் என்பதால் நடமாட்டம் மட்டுப்படுத்தப்பட்டு, பெல்வில் நகரிலுள்ள தம் சபைக் குருமடத்தில் தங்க நேர்ந்தது. பறந்து திரிந்தவர் தரையில் இருத்தப்பட்டார். அங்கும் அவர் வெறுமனே இருக்கவில்லை. பனிப் பிரதேசப் பணியாளரைத் தாயின் காவலில் ஒப்படைக்கும்படி, பனிமாதா பக்தியை 1941ஆம் ஆண்டு அங்கே ஆரம்பித்துவைத்தார். அதிலிருந்து வளர்ந்த பெல்வில் பனிமாதா திருத்தலம் இன்று வட அமெரிக்காவின் பெரிய திறந்தவெளித் திருத்தலங்களுள் ஒன்று. முதுமையில் அவர் ஆபிரிக்காவுக்குச் சென்றார். 1975ஆம் ஆண்டு ஸ்வாகொப்முண்ட் நகரில் இறைவனடி சேர்ந்தார். அந்நகர் இருப்பது எங்கே தெரியுமா? அவருடைய நண்பர் வாகனமின்றி மாண்ட அதே நமீபிய நாட்டில்.

அன்பானவர்களே, இவ்வாறு பறப்பதற்குக் குருக்கள் மட்டும் முன்வரவில்லை. போருக்குப்பின் 1945ஆம் ஆண்டு, சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த விமானிகள் அமெரிக்காவில் ஒரு மறைபரப்பு விமானச் சேவையை ஆரம்பித்தனர். அதில் குடும்பங்களே புறப்பட்டுச் சென்றன. நேட் செயின்ட் என்னும் இளம் விமானியும் அவர் மனைவி மார்ஜும் 1948ஆம் ஆண்டு ஈக்குவடோர் நாட்டுக்குப் போனார்கள். கணவர் காட்டுக்கு மேலே பறக்க, மனைவி வீட்டிலிருந்து வானொலிக் கருவியில் அவரது குரலுக்குக் காத்திருப்பார். 1956ஆம் ஆண்டு சனவரி 8ஆம் திகதி அந்தக் குரல் வரவில்லை. தாம் நட்புக்கொள்ளச் சென்ற காட்டுவாழ் மக்களின் கையில் நேட் நான்கு தோழரோடு உயிர்நீத்தார். இன்றும் அத்தகைய குடும்பங்கள் புறப்படுமுன் நீண்ட ஆயத்தம் செய்கின்றன. விமானம் ஓட்டுவதோடு அதைப் பழுதுபார்க்கவும் கற்கவேண்டும். அந்நிய மொழி பயிலவேண்டும். பிள்ளைகள் பாட்டன் பாட்டியைப் பிரியவேண்டும். மாதந்தோறும் உதவக்கூடிய நல்ல உள்ளங்களைத் தேடவேண்டும்.

கடல்கடந்து போவதற்காக ஒரு வீடு ஆயத்தமாவது என்றால் என்னவென்று மலையக மக்களாகிய உங்களுக்குத் தெரியும். கடவுச்சீட்டு, கடன், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை, விடியற்காலையில் கொழும்புக்குப் புறப்படும் வண்டி. எத்தனை தாய்மார் இவ்வாறு மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார்கள்! வறுமையின் நிமித்தம் அவ்வளவு பிரிவையும் தாங்கும் உள்ளங்களுக்கு, அன்பின் நிமித்தம் பிரிவைத் தாங்குவோரின் பாரம் விளங்காமற்போகாது.

மீவா ஆரம்பமான அதே 1927ஆம் ஆண்டில், திருத்தந்தை பதினொராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகக் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை அறிவித்தார். அவர் மறைபரப்புக்கென மடத்தை விட்டு எங்கும் போகாதவர். போகிறவரும் போகாதவரும் சேர்ந்தே மறைபரப்பு நடக்கிறது. ஒஸ்திரியாவில் இதை எளிமையாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட மீவா கிளை, புனித கிறிஸ்தோப்பரின் திருநாளையொட்டி வாகன ஓட்டுநரிடம் காணிக்கை கேட்கிறது. விபத்தின்றி ஓட்டிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு மிகச் சிறிய தொகை. பத்திரமாக வீடு வந்தவர், வர வழியில்லாதவருக்காகக் கொடுக்கிறார்.

நம் பங்குகளில் இதைச் செய்ய முடியாதா? மேற்பிரிவில் தனித்திருக்கும் முதியவர் யார், கர்ப்பிணி யார் என்று அன்பியக் கூட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடிய முச்சக்கரவண்டிச் சகோதரரின் இலக்கத்தை ஒவ்வொரு லயனிலும் எழுதி ஒட்டலாம். அவருக்குரிய பெற்றோல் காசை ஞாயிறு காணிக்கையில் ஒரு சிறு பங்காக முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம். அப்போது வறிய வீட்டார், பணத்துக்கு எங்கே போவது என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று தவிக்கமாட்டார்கள்.

கபிரியேல் தூதரின் செய்தியைப் பெற்ற நம் அன்னை மரியா, வயது முதிர்ந்த எலிசபெத்தைத் தேடி எங்கே போனார்? மலைநாட்டுக்குத்தான். எவ்வாறு போனார்? விரைந்து போனார் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அன்பு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தார். இந்த வாரம் உங்கள் பிரிவில் எவருக்கு உதவி நேரத்துக்குச் சேராமல் இருக்கிறது என்று குடும்ப செபத்தின்போது கேட்டுப்பாருங்கள். பெயர் நினைவுக்கு வந்ததும், விடியும்வரை காத்திராமல் புறப்படுங்கள்.