இராவணனின் கண்ணீரை எழுதியவர்: மைக்கேல் மதுசூதன் தத்

காப்பியங்களில் தீயோனாக நிற்பவன் நம் நெஞ்சை ஏன் உருக்குகிறான்? செய்த தீமையை மறவாமலே அவனுக்காக வருந்துகிறோமே, அது எதனால்? இவ்வினாவுக்குத் தம் காப்பியத்தாலும் வாழ்வாலும் விடை தந்தவர் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்.

இன்று வங்கதேசத்தில் உள்ள யசோர் பகுதியின் சாகர்தாரி என்னும் சிற்றூரில், கபோதாட்ச ஆற்றங்கரையில், 1824ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை இராஜநாராயண் தத் கல்கத்தாவில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் ஜாஹ்னவி தேவி. ஒரே மகனாகச் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர், இந்துக் கல்லூரியில் பயின்றபோது ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெறக் கனவு கண்டார். பெற்றோர் பார்த்த மணத்தை விரும்பாது, 1843இல் கிறித்தவ சமயம் தழுவினார். தந்தை மகன் உறவு முறிந்தது. சில ஆண்டுகளில் தந்தையின் பொருளுதவியும் நின்றது.

1848இல் அவர் சென்னைக்கு வந்தார். ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் ஆசிரியராகவும் இதழாளராகவும் உழைத்தார். ரெபெக்காவை மணந்ததும், முதல் ஆங்கிலக் காவியத்தை 1849இல் வெளியிட்டதும் இந்நகரிலேயே. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், தெலுங்கு, வடமொழி என நாளை நாழிகைகளாகப் பகுத்துக்கொண்டு கற்றார். ஆயினும் ஆங்கிலக் காவியம் எதிர்பார்த்த புகழைத் தரவில்லை. தாய்மொழியில் எழுதுமாறு கல்கத்தாக் கல்வித்துறைத் தலைவர் பெத்தூன் அறிவுறுத்தியது அவர் உள்ளத்தில் தங்கியது.

1851இல் தாயும் 1855இல் தந்தையும் மறைந்தனர். 1856இல் மதுசூதன் கல்கத்தா திரும்பினார். ரெபெக்காவையும் நான்கு குழந்தைகளையும் சென்னையில் விட்டுச் சென்றவர், அவர்களிடம் மீண்டு வரவில்லை. தந்தையை இழந்த மகனும், மக்களைப் பிரிந்த தந்தையும் ஒருவரே ஆகிய இந்நிலையில்தான், 1861இல், ஒன்பது சருக்கங்கள் கொண்ட 'மேகநாத வத காவியம்' பிறந்தது.

மேகநாதன் என்பவன் நாம் அறிந்த இந்திரசித்தனே. வீரபாகு என்னும் மகன் மாண்ட செய்தி இராவணன் அவைக்கு எட்டுவதுடன் காப்பியம் தொடங்குகிறது. அரண்மனை உச்சியிலிருந்து போர்க்களத்தை நோக்கும் இராவணன், அணையால் கட்டுண்ட கடலைக் கண்டு மனம் நோகிறான். வீரபாகுவின் தாய் சித்திராங்கதை அவையில் நின்று, இவ்வழிவைத் தேடிக்கொண்டவன் நீயே என்று கணவனைச் சாடுகிறாள். அவள் கூற்றில் உண்மை உண்டு; இராவணன் அதன்படி நடக்கவில்லை. தன் ஊழையே நொந்துகொள்கிறான். தன் வினையின் பயனைத் தன் மக்கள் சுமப்பதைக் கண்டும் அவனால் திரும்ப இயலவில்லை. மாண்ட மகனுக்காக மீண்டும் போரை நாடுகிறான். பாசமே பழியாக மாறும் இவ்விடத்தில்தான் அவனுடைய அவலம் அமைந்துள்ளது.

ஆறாம் சருக்கத்தில், வீடணன் வழிகாட்ட வேள்விக்கூடம் புகுந்த இலக்குவன், படைக்கலம் ஏந்தாத மேகநாதனைக் கொல்கிறான். இறுதிச் சருக்கத்தில் இராவணன் ஈமக்கடனுக்காக ஏழு நாள் போர்நிறுத்தம் வேண்டுகிறான். மேகநாதன் மனைவி பிரமீளை உடன்கட்டை ஏறுகிறாள். இராமனின் வெற்றி விழாவைப் பாடாது, இலங்கையின் அழுகையோடு காப்பியத்தைக் கவிஞர் முடித்துவிடுகிறார்.

கம்பனில் இராவணன் சோகப் படலத்தைப் படித்த நமக்கு இத்துயர் புதிதன்று. ஆனால் கம்பனில் ஒரு படலமாக நிற்பதை மதுசூதன் காப்பியம் முழுமைக்கும் அடித்தளமாக்கினார். எனினும் இராவணனை அவர் குற்றமற்றவனாக்கவில்லை. சித்திராங்கதையின் குற்றச்சாட்டுக்குக் காப்பியத்தில் மறுமொழியே இல்லை. நேர்மையான படைப்பாளி தீயோனின் குற்றத்தை மறைப்பதில்லை. அக்குற்றத்துக்கு அவன் தரும் விலையை நம் கண்முன் எண்ணிக் காட்டுகிறான்.

1862இல் வழக்கறிஞர் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். பிரான்சின் வெர்சாய் நகரில் கடனில் மூழ்கியபோது ஈசுவர சந்திர வித்யாசாகரின் பண உதவியே காத்தது. 1867இல் தாயகம் திரும்பியும் வறுமை நீங்கவில்லை. வாழ்க்கைத் துணையாக இருந்த ஹென்றியட்டா 1873 சூன் 26இல் மறைய, மூன்று நாட்களுக்குப்பின் மதுசூதனும் கல்கத்தா மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

தம் கல்லறைக்கென அவர் எழுதிவைத்த செய்யுளில், பிறந்த ஊரையும் ஆற்றையும் குறித்ததோடு, தந்தை இராஜநாராயணையும் தாய் ஜாஹ்னவியையும் பெயர் சொல்லிப் போற்றியுள்ளார். வாழ்நாளில் முறிந்த உறவு அக்கல்லில் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது.