டாக்டர் பல்பு

திருவனந்தபுரத்தில் பேட்டை என்னும் பகுதியை நீங்கள் அறிவீர்கள். இரயில் நிலையமும் நெரிசலான கடைத்தெருவும் உள்ள அப்பகுதியில், 1863ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பல்பு பிறந்தார். பல்பு என்றதும் மின்விளக்கை எண்ணிச் சிரித்தல் வேண்டா. மலையாள நாட்டில் வழங்கிய பழைய பெயர்களுள் அதுவும் ஒன்று.

அவர் ஈழவர் குலத்தினர். அந்நாளில் திருவிதாங்கூரில் அக்குலத்தார்க்குக் கோயில் நுழைவு இல்லை; பள்ளிகள் பலவற்றின் வாயில்கள் அடைபட்டிருந்தன; அரசுப் பணியோ எட்டாக்கனி. ஆயினும் பல்பு ஆங்கிலம் கற்றார். மருத்துவம் பயில விழைந்து நுழைவுத்தேர்வு எழுதித் தேறினார். தேறியும் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குலமே தடையாயிற்று.

அவர் சென்னைக்குப் புறப்பட்டார். 1885ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் பொருள் மிகுதியாக இல்லை; வறுமையோடு போராடியே பட்டம் பெற்றார். அக்காலத்தில் நுண்ணுயிரியல் பிறந்து தவழும் குழந்தையாக இருந்தது. செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக்கு காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது 1882இல். கல்கத்தாவில் ஆராய்ந்து காலராவின் கிருமியை உறுதி செய்தது 1884இல். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று கற்பித்த ஆசிரியர்களும் அன்று இருந்தனர். இத்துறையைப் புத்தகத்தில் மட்டும் கற்றுவிட இயலாது. நோய் உள்ள இடத்திற்கே சென்று கற்க வேண்டியிருந்தது. பல்புவும் அவ்வாறே கற்றார்.

மருத்துவராகத் திரும்பியவர் தாய்நாட்டில் பணி வேண்டி விண்ணப்பித்தார். அதுவும் மறுக்கப்பட்டது. சென்னையில் அம்மைத் தடுப்புப் பணி கிடைத்தது. பின்னர் மைசூர் அரசின் பணியில் அமர்ந்தார்.

பெரியம்மை அன்று ஊர் ஊராக உயிர் குடித்த நோய். பிழைத்தோருள் பலர் கண் இழந்தனர். முகத்தில் தழும்பு சுமந்தனர். அதனைத் தடுக்கும் பால், கன்றின் தோலில் வளர்த்து எடுக்கப்பட்டது. கன்றின் வயிற்றுப்புறத்தை மழித்துக் கீறி, மாட்டம்மைப் பாலைத் தடவுவர். சில நாளில் கொப்புளம் எழும். அதனைச் சுரண்டி எடுத்து அரைத்து, கிளிசரின் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைப்பர். வெயில் பட்டால் அதன் ஆற்றல் கெடும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் அக்குழல் சிற்றூரைச் சேரும்போது உயிர்ப்புடன் இருத்தல் வேண்டும். தூய்மையும் பொறுமையும் வேண்டும் இவ்வேலையில் பல்பு தேர்ச்சி பெற்றார்.

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் புகுந்தது. கூலித்தொழிலாளரும் தமிழ்க் குடும்பங்களும் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் அது விரைந்து பரவியது. வீட்டில் எலி செத்து விழும். பின் காய்ச்சல் வரும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். சில நாளில் உயிர் பிரியும். நோயாளியைப் பிரித்து முகாமுக்குக் கொண்டு செல்வர் என்று அஞ்சி, உறவினர் அவரை வீட்டுக்குள்ளேயே ஒளித்தனர். அவர்கள் அச்சத்தைக் குறை கூற இயலாது. முகாமுக்குச் சென்றவருள் பலர் மீளவில்லை. நகரை விட்டு ஓடினோரும் பலர். பல்பு ஓடவில்லை. பிளேக் முகாமின் பொறுப்பை ஏற்றுத் தம் உயிரையும் பொருட்படுத்தாது உழைத்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சீமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அச்செய்தியை உலகம் ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின. எது தம்மைத் தாக்கக்கூடும் என்பதை முழுதும் அறியாமலே முகாமில் மருத்துவர்கள் பணி செய்தனர். அந்நாளின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் பெங்களூரில் இன்றும் உள்ளன.

அதன்பின் மைசூர் அரசு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிற்று. கேம்பிரிட்சில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பி, பெங்களூர் நகரின் சுகாதார அலுவலராகப் பணியாற்றினார். சொந்த ஊர் தள்ளிய ஒருவரை அயலூர் கடல் கடந்து படிக்க வைத்தது.

ஆயினும் தாய்நாட்டை அவர் மறக்கவில்லை. திருவிதாங்கூரின் உயர்பதவிகள் வெளியூராருக்கே, பெரும்பாலும் தமிழ் அந்தணர்க்கே, செல்கின்றன என்று முறையிட்டு 1891இல் அரசரிடம் அளிக்கப்பட்ட மலையாளி விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்திட்டார். ஈழவர் உழவு, கயிறு திரித்தல், கள் இறக்குதல் ஆகிய தம் தொழில்களையே விரும்புகின்றனர், கல்வியை நாடுவதில்லை என்னும் கருத்தில் அரசின் விடை வந்தது. அவ்விண்ணப்பத்தில் ஒரு மருத்துவப் பட்டதாரியின் கையெழுத்து இருந்ததை அவ்விடையை எழுதியவர் கண்டாரோ இல்லையோ! 1896இல் 13,176 ஈழவர்களின் கையெழுத்தைத் திரட்டித் தனியொரு விண்ணப்பம் அளித்தார் பல்பு. அதுவும் பயன் தரவில்லை. எனினும் அவர் சோர்ந்திலர். நாராயண குருவின் மாணவரான இளைஞர் குமாரன் ஆசானைத் தம் பெங்களூர் இல்லத்தில் தங்க வைத்துப் படிக்கத் துணை செய்தார். அவ்விளைஞரே பின்னாளில் மலையாளத்தின் பெருங்கவிஞரானார். குருவின் பெயரால் ஸ்ரீநாராயண தரும பரிபாலன சபை 1903இல் உருவானதிலும் பல்புவின் பங்கு பெரிது.

1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 73. 1950 சனவரி 25ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் ஊரான திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி தோன்றியது அடுத்த ஆண்டில். அதனை நிறுவும் பணியை முன்னின்று நடத்திய சி. ஓ. கருணாகரனும் ஒரு நுண்ணுயிரியல் அறிஞரே.