லேப்டாப் வாங்கப் போறீங்களா? இந்த மனுஷனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க!

உங்க போனில் இப்போ ரெண்டு டேப் திறந்திருக்கும். ஒன்றில், விரல் மொத்தம்கூட இல்லாத மெலிசான லேப்டாப். ஸ்க்ரூ தெரியாது, ஓட்டை தெரியாது, வழவழன்னு ஒரே தகடு. இன்னொன்றில், கொஞ்சம் தடிமனான, ரெண்டு பக்கமும் போர்ட் வெச்ச, ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒரு பெட்டி. விலை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா, மனசு முதல் டேப்பை விட்டு நகர மாட்டேங்குது, இல்லையா?

ஒரு இயந்திரம் வழவழப்பா, எளிமையா, கோடு அதிகமில்லாம இருந்தா அது நல்ல இயந்திரம்னு நம்ம கண் முடிவு பண்ணிடும். இந்தப் பழக்கத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரேமண்ட் லோவி. அவர் லேப்டாப் எதையும் வடிவமைக்கவில்லை. ஆனால், அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்த ரெண்டு டேப்பையும் நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

லோவி பிறந்தது 1893-ல், பாரிஸில். அப்பா வியன்னாவைச் சேர்ந்த பத்திரிகையாளர், அம்மா பிரெஞ்சுக்காரர். பையனுக்கு ரயிலும் விமானமும்தான் உலகம். டீன் ஏஜிலேயே ஒரு பொம்மை விமானம் செய்து போட்டியில் பரிசு வாங்கினார். அதோடு விடவில்லை, அதை விற்கவும் ஆரம்பித்தார். வடிவமைப்பு, வியாபாரம் ரெண்டும் அந்த வயசிலேயே சேர்ந்து வந்துவிட்டன.

அப்புறம் முதல் உலகப்போர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, காயம்பட்டு, விருதும் பெற்றார். போர்முனையில் தான் தங்கியிருந்த பதுங்குகுழிக்கு வால்பேப்பரும் திரைச்சீலையும் போட்டவர் இவர். ராணுவம் கொடுத்த யூனிஃபார்மின் தையல் பிடிக்காமல் அதையும் மாற்றித் தைத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. இதையும் அப்படியே எடுத்துக்கோங்க.

போர் முடிந்தபோது கையில் எதுவும் இல்லை. அப்பா, அம்மா ரெண்டு பேருமே இன்ஃப்ளூயன்சாவில் போய்விட்டார்கள். 1919-ல், அண்ணன் இருந்த நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். ராணுவ உடையும் சொற்பக் காசும்தான் மிச்சம்.

அங்கே மேசிஸ் என்ற பெரிய கடையில் ஷோகேஸ் அலங்கரிக்கும் வேலை கிடைத்தது. நம்ம ஊர் ஜவுளிக்கடை தீபாவளி ஷோகேஸை நினைச்சுக்கோங்க. இருக்கிற சரக்கையெல்லாம் ஒரே கண்ணாடிக்குள் அடைத்து வைப்பதுதான் அன்றைக்கு அங்கேயும் வழக்கம். லோவி என்ன செய்தார் தெரியுமா? ஒரே ஒரு பொம்மைக்குக் கறுப்பு உடை போட்டார். சில அணிகலன்களை மட்டும் பக்கத்தில் வைத்தார். ஒரே ஒரு விளக்கை அதன் மேல் அடித்துவிட்டு, மீதி இடத்தை இருட்டாக விட்டுவிட்டார். மறுநாள் மேலாளர்கள் ஆடிப்போனார்கள். வேலையும் போச்சு. இன்றைக்கு எந்த போன், லேப்டாப் விளம்பரத்தைப் பார்த்தாலும் கறுப்புப் பின்னணி, ஒரே பொருள், ஒரே வெளிச்சம்தான்!

அதன்பின் சில ஆண்டுகள் வோக் போன்ற பத்திரிகைகளுக்கு ஃபேஷன் படங்கள் வரைந்தார். நல்ல வருமானம்தான். ஆனாலும், சுற்றி இருக்கும் அமெரிக்கப் பொருள்கள் எல்லாம் தரமாக இருந்தும் அசிங்கமாக இருக்கின்றனவே என்ற எரிச்சல் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது.

1929-ல் அந்த எரிச்சலுக்கு ஒரு வழி கிடைத்தது. சிக்மண்ட் கெஸ்டெட்னர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர், தன் நகலெடுக்கும் இயந்திரத்தை மாற்றி வடிவமைக்கச் சொல்லி வந்தார். கெஸ்டெட்னர்னா புரியலையா? வீட்டில் தாத்தா அரசு வேலையிலோ பள்ளிக்கூடத்திலோ இருந்திருந்தால் சைக்ளோஸ்டைல் மெஷின் என்று கேட்டுப்பாருங்க. ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, கைப்பிடியைச் சுற்றிக் கேள்வித்தாள் அடிப்பார்களே, அதேதான்.

அன்றைய மெஷினில் எல்லாமே வெளியில் தெரியும். பல்சக்கரம், பெல்ட், மை, தூசு. கால்கள் வேறு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும், நடந்து போகிறவர் தடுக்கி விழ வேண்டியதுதான். லோவி அதை ஒரு படமாகவே வரைந்து காட்டினார்: ஒரு பெண் செக்ரெட்டரி தடுக்கி விழ, காகிதங்கள் பறக்கின்றன. வேலை கிடைத்தது. அவகாசமோ சில நாள்கள்தான்.

அவ்வளவு நாளில் இயந்திரத்தை மாற்ற முடியாது. அதனால், இயந்திரத்தைத் தொடவே இல்லை. களிமண் வாங்கி அதன் மேல் அப்பி, இழைத்து, ஒரு அழகான கூட்டைச் செய்தார். இயக்கத் தேவையான பாகங்கள் மட்டும் வெளியே, மீதி எல்லாம் உள்ளே. துருத்திய கால்கள் காணாமல் போயின. கிடைத்த சம்பளம் 2,000 டாலர். அந்த வடிவம் பல வருஷம் விற்பனையில் நின்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் கூடு கழற்றக்கூடியது. ரிப்பேர் என்றால் மூடியைத் திறந்து கையை உள்ளே விடலாம். பின்னாடி இது தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். பொருள் விற்கவில்லை. ஒரே விலை, ஒரே தரம் என்றால் அழகாக இருப்பதுதான் விற்கும் என்பது லோவியின் கணக்கு. சியர்ஸ் நிறுவனத்தின் கோல்ட்ஸ்பாட் ஃப்ரிட்ஜ் அவர் கைக்கு வந்தபோது அது கால் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதை வெள்ளை வெளேரென்று ஒரே உடலாக்கினார். உள்ளே துருப்பிடிக்காத அலுமினியத் தட்டுகள். ரெண்டு கையிலும் பாத்திரம் இருந்தாலும் முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு கைப்பிடி. இதெல்லாம் வெறும் மேக்கப் இல்லை, சமையலறையில் நின்று யோசித்தவர் செய்த வேலை. விற்பனை பல மடங்கு ஏறியது.

ஆனா இன்னொன்றும் நடந்தது. அடுத்த வருஷம் புது மாடல், அதற்கடுத்த வருஷம் இன்னொரு புது மாடல். வீட்டில் இருக்கும் ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பழசாகத் தெரியவைக்கும் வித்தை. வருஷா வருஷம் புது போன் வெளியீட்டு விழா பார்க்கிற உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அந்தக் காலத்து ஃபேஷனுக்குப் பெயர் ஸ்ட்ரீம்லைன். காற்றைக் கிழித்துப் போகும் நீர்த்துளி வடிவம். விமானத்துக்கும் ரயிலுக்கும் சரி. லோவி அதே வடிவத்தில் ஒரு பென்சில் சீவியைச் செய்து காட்டினார். மேசையில் திருகாணி போட்டு நிற்கிற பொருள் எந்தக் காற்றைக் கிழிக்கப் போகிறது என்று விமர்சகர்கள் இன்றுவரை அதை வைத்துத்தான் கிண்டல் செய்கிறார்கள். கடைசியில் அது தயாரிப்புக்கே போகவில்லை.

ரயில் கதைக்கு வருவோம். உங்க லேப்டாப்புக்கு ரொம்ப வேண்டிய பகுதி இதுதான்.

பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்திடம் வாய்ப்புக் கேட்டுப் போன லோவிக்கு முதலில் கிடைத்தது, நியூயார்க் ஸ்டேஷனுக்குக் குப்பைத்தொட்டி வடிவமைக்கும் வேலை. மறுக்காமல் செய்தார். பிறகு, ஜி.ஜி.1 என்ற மின்சார இன்ஜின் வந்தது. அதன் அடிப்படை வடிவம் டொனால்ட் டோனர் என்பவருடையது. லோவி அதை மெருகேற்றினார். உடலெங்கும் ஆயிரக்கணக்கில் ரிவெட் ஆணிகள் இருந்தன. ரிவெட் வேண்டாம், தகடுகளை வெல்டிங் செய்து ஒரே கூடாக்குங்கள் என்றார். பார்க்கவும் அழகு, செய்யவும் சுலபம். 139 இன்ஜின்கள் ஓடின, கடைசி இன்ஜின் ஓய்வுபெற்றது 1983-ல். இது எளிமையின் உச்சம்.

அதே நிறுவனத்தின் கே4 நீராவி இன்ஜினுக்கு 1936-ல் லோவி ஒரு வழவழப்பான போர்வை போட்டார். புகைப்படத்தில் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஆனால், நீராவி இன்ஜின் என்பது தினமும் எண்ணெய் விட்டு, திருகி, தட்டிப் பார்க்க வேண்டிய ஜீவன். ஒர்க்‌ஷாப் ஆள்களுக்கு அந்தப் போர்வை பெரிய தொல்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருந்த தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்கள். சில வருஷங்களில் போர்வை முழுசாகவே போய்விட்டது.

அடுத்து எஸ்1. கிட்டத்தட்ட 43 மீட்டர் நீளம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில், நின்ற இடத்திலேயே உருளைகள் மீது சக்கரம் சுழல, கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. ஆனா அவ்வளவு நீளமான இன்ஜின், நிறைய வளைவுகளில் திரும்பவே முடியவில்லை. சில தடங்களில் மட்டும் ஓட்டிவிட்டு, 1949-ல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

மூன்றுமே ஒரே மனிதர் கைபட்ட அழகுதான். ஜி.ஜி.1-ல் எளிமை இயந்திரத்துக்கு உள்ளேயே போனது, தயாரிப்பு முறையே மாறியது. கே4-ல் எளிமை வெறும் போர்வை. இப்போ உங்க முதல் டேப்புக்குப் போங்க. ஸ்பெக் பட்டியலில் ரேம் ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டோடு சால்டர் செய்துவிட்டார்களா என்று பாருங்க. சால்டர் என்றால் இன்றைக்கு வாங்கும் 8 ஜி.பி-யோடுதான் நாலு வருஷமும். எஸ்.எஸ்.டி மாற்ற முடியுமா? அடிமூடி சாதாரண ஸ்க்ரூவில் திறக்குமா, பேட்டரி பசை போட்டு ஒட்டியதா? காற்றுப் போக வழி எங்கே? ரெண்டே போர்ட் என்றால், காலேஜ் ப்ரொஜெக்டருக்கும் பென் டிரைவுக்கும் தனியாக ஒரு ஹப் வாங்கிப் பையில் போட வேண்டும். அப்போ மெலிசு எங்கே போச்சு?

சரி, லோவியிடம் திரும்புவோம். 1940-ல் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் நிறுவனத் தலைவர், என் பாக்கெட்டை உன்னால் மேம்படுத்த முடியுமா என்று 50,000 டாலர் பந்தயம் கட்டினார். லோவி பச்சைப் பின்னணியை வெள்ளையாக்கினார், சிவப்பு வட்டத்தை ரெண்டு பக்கமும் போட்டார். தூக்கி எறிந்த பாக்கெட் எப்படி விழுந்தாலும் பெயர் தெரியும். பந்தயத்தில் ஜெயித்தார். அந்த வெள்ளைக்குள் இருந்தது என்ன என்பது அவர் கவலையாக இருக்கவில்லை. எனக்கு இதை வெறும் கெட்டிக்காரத்தனம் என்று ரசிக்க முடியவில்லை.

1949-ல் டைம் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. சுற்றிலும் அவர் வடிவமைத்த பொருள்கள். ஆனா, அவற்றில் பலவற்றை வரைந்தவர்கள் அவருடைய அலுவலகத்து ஊழியர்கள். ஸ்டூடிபேக்கர் கார்களையே எடுத்துக்கோங்க: 1953 மாடலின் அழகுக்குக் காரணம் பாப் போர்க். ஆனா, ஊர் அறிந்த பெயர் லோவி. இயந்திரத்தின் பல்சக்கரங்களைக் கூட்டுக்குள் மறைத்தவர், மனிதர்களையும் அப்படித்தான் தன் பெயருக்குள் மறைத்துவிட்டார்.

வாடிக்கையாளரைப் பற்றி அவருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. அதன் சுருக்கப் பெயர் மாயா. நம்ம ஊர் மாயை இல்லை, ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். மக்களுக்குப் புதுமை பிடிக்கும், ஆனா ரொம்பப் புதுசாக இருந்தால் பயந்துவிடுவார்கள். அந்தப் பயம் வருவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்து. அவ்வளவுதான் விஷயம். லேப்டாப் மடிப்பு ஒரு புத்தகம் போலவும், கீபோர்டு பழைய டைப்ரைட்டர் வரிசையிலும் இன்னும் இருப்பதை யோசிச்சுப் பாருங்க.

கென்னடி காலத்தில் அமெரிக்க அதிபரின் விமானத்துக்கு நீலமும் வெள்ளையும் தீட்டியது லோவிதான். ஷெல் நிறுவனத்தின் மஞ்சள் சிப்பி லோகோவும் அவருடையதே. ஆனால், நான் அவருக்கு எழுந்து நின்று கை தட்டுவது வேறு ஒன்றுக்கு.

1967-ல் நாசா அவரை அழைத்தது. ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் வாரக்கணக்கில் வாழ வேண்டும். லோவிக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. உள்ளே ஒரு ஜன்னல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஜன்னல் என்றால் எடை, செலவு, ஆபத்து. பொறியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜன்னல் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனியாகத் தூங்க ஓர் இடம் வந்தது. சாப்பாட்டு மேசையை முக்கோணமாக்கினார்கள், மூன்று பேரில் யாரும் தலைமை இடத்தில் உட்கார முடியாதபடி. 1973-ல் மேலே போனவர்களுக்கு ஓய்வு நேரத்தில் அந்த ஜன்னலை விட்டு நகரவே மனசில்லை. வெளியில் தெரியும் அழகுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், இந்த முறை உள்ளே இருப்பவர் கண்ணுக்காக ஒரு ஓட்டை போட்டார்.

அந்த ஸ்கைலாப்தான் 1979 ஜூலையில் பூமிமீது விழுந்தது. நம் தலையில்தான் விழப்போகிறது என்று இந்தியாவிலும் ஜனங்கள் நடுங்கிப்போனார்கள். கெஸ்டெட்னரைப் பற்றித் தாத்தாவிடம் கேட்கும்போது இதையும் பாட்டியிடம் கேளுங்க. கடைசியில் அது விழுந்தது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும்.

அடுத்த வருஷம் லோவி ஓய்வுபெற்றார். 1986 ஜூலை 14-ல், பிரெஞ்சு தேசிய நாளன்று, மொனாக்கோவில் காலமானபோது அவருக்கு வயசு 92.

ஜி.ஜி.1-ன் முதல் மாதிரி, வெல்டிங் வருவதற்கு முன் ரிவெட் ஆணிகளோடு செய்த இன்ஜின், பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது. போட்டோ தேடிப் பாருங்க, வழவழப்பான அதன் தம்பி படத்தையும் பக்கத்திலேயே வெச்சு. அதுவரை அந்த ரெண்டு டேப்பும் அப்படியே திறந்து இருக்கட்டும்.