மனப்பாடம் மட்டும் போதுமா? முத்துக்குளித்துறைப் பிள்ளைகளுக்காகத் தமிழ் படித்த அண்டிரிக் அடிகளார் யார்?

1540-களில் தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு பக்கம் ஒரு காட்சி அடிக்கடி நடந்தது. தெருவில் மணிச் சத்தம் கேட்கும். பரதவர் வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து கூடுவார்கள். சாமியார் ஒருவர் ஜெபம் சொல்லுவார், பிள்ளைகள் அதையே திரும்பச் சொல்லுவார்கள்.

அந்த ஜெபங்களில் ஒன்று விசுவாசப் பிரமாணம். 'விசுவசிக்கிறேன்' என்று தொடங்க வேண்டியது, 'வேணும்' என்று தொடங்கியது. நம்புகிறேன் என்பதற்குப் பதிலா, எனக்கு வேணும்! சொல்லிக் கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. திரும்பச் சொன்ன பிள்ளைகளுக்கு மூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் தப்பு யார் கண்ணிலும் படவில்லை.

அதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். தமிழில் அச்சான முதல் புத்தகத்தின் ஆசிரியர் என்றுதான் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். ஆனா அச்சுக்கு முன்னாடியே ஒரு கதை இருக்கு.

மணி அடித்தவர் யார்?

1536-37 வாக்கில் முத்துக்குளித்துறையில் சுமார் 20,000 பரதவர்கள் கிறிஸ்தவர்களாக ஆனார்கள். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான மோதலில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் சட்டென்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் மொழியில் எதையும் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டு, மணியோடு ஊர் ஊராகப் போனார். பிள்ளைகள்தான் அவருடைய பெரிய பலம். புது ஜெபம் சொல்லித் தரும்வரை அவரைச் சாப்பிடவோ தூங்கவோ விடமாட்டார்களாம். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்குத்தான். ஊரில் யாராவது பழைய சிலைகளை வணங்கினால் வந்து சொல்ல வேண்டியதும், அவற்றை உடைக்கப் போனதும் அதே பிள்ளைகள்தான். அந்தப் பகுதியையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்கணும்.

சவேரியார் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்கள் சம்பளத்துக்குப் பணம் வந்த வழி சுவாரசியமானது. இந்தக் கடற்கரையிலிருந்து போர்ச்சுகல் ராணி கேத்தரினின் செருப்புச் செலவுக்கென்று ஒரு வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்களுக்கு அதைக் கொடுங்கள் என்று ராணியிடமே கேட்டு வாங்கினார் சவேரியார்.

ஏற்பாடு எல்லாம் சரி. ஆனால் வாத்தியாருக்குப் பிள்ளைகளின் மொழி தெரியாத சிக்கல் அப்படியே இருந்தது.

ஒரு சபை வெளியே அனுப்பியவர்

அண்டிரிக் 1520-ல் போர்ச்சுகலின் வில்லா விசோசா ஊரில் பிறந்தவர். யூத வம்சாவளிக் குடும்பம். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். வம்சாவளியைக் காரணம் காட்டி அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1545-ல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே கப்பல் ஏறி கோவா. 1547-ல் முத்துக்குளித்துறை. அப்போது வயது 27.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல துபாசியை நம்பித்தான் வேலை. தான் சொன்னது ஒன்று, துபாசி சொன்னது இன்னொன்று என்றாலும் தெரியாது. பாவசங்கீர்த்தனம் கேட்பதோ இன்னும் கஷ்டம். மனசில் உள்ளதை மூன்றாவது ஆள் வழியாக யார் சொல்லுவார்?

தமிழ் கற்கும் முதல் முயற்சி தோல்வி. நமக்கு வராது என்று விட்டுவிட்டார். 1548-ல் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை வழி வேறு. லத்தீன் இலக்கணம் படித்தவர் என்பதால், தமிழ் வினைச்சொற்கள் எப்படி மாறுகின்றன என்று தானே பட்டியல் போட ஆரம்பித்தார். வந்தேன், வருகிறேன், வருவேன் என்று காலம் மாறும்போது சொல்லின் எந்தப் பகுதி மாறுகிறது, எந்தப் பகுதி அப்படியே நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தார். சில மாதங்களில் துபாசி இல்லாமலேயே பேச முடிந்தது. பேச மட்டுமில்லை, எழுதவும் தெரிந்தவர் என்று சவேரியாரே பாராட்டினார்.

அந்தக் குறிப்புகள் வளர்ந்துதான் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஆனது. ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பது இதுதான். தொல்காப்பியம், நன்னூல் வழியில் போன நூல் இல்லை இது. கடற்கரையில் மக்கள் எப்படிப் பேசினார்களோ அந்தத் தமிழ் இதில் நிறைய இருக்கிறது. 16-ம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழைத் தேடுகிற மொழியியலாளர்களுக்கு இன்று இது பெரிய புதையல்.

1549-ல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கடற்கரைக்கான பொறுப்பு அண்டிரிக்குக்கு வந்தது. உடன் வேலை பார்த்த பாதிரியார்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேச வேண்டும் என்று வைத்தார். மொழி கற்கும் சுமையைப் பிள்ளைகள் தலையிலிருந்து எடுத்து வாத்தியார்கள் தலையில் வைத்தார் என்று சொல்லலாம்.

அச்சு வந்தது, யாருக்காக?

1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. ஆனால் தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில். நாம் வாட்ஸ்அப்பில் தங்கிலீஷ் அடிப்பது போல. போர்ச்சுகீசியருக்கு அது உதவும். புன்னைக்காயல் பிள்ளைக்கு?

1577-ல் கோவாவில் ஜுவான் கொன்சால்வஸ் என்பவர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். கொல்லத்தில் ஜுவான் தெ ஃபாரியா அதை மேம்படுத்தினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. வெறும் 16 பக்கம். வங்காள மொழி இப்படி அச்சு எழுத்தைப் பார்க்க இன்னும் 200 வருடம் ஆனது.

அடுத்த வருடம், 1579 நவம்பர் 14 அன்று, கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது. 120 பக்கம். முதல் புத்தகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது புத்தகம். இதன் மூலம் மார்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்ச்சுகலில் சிறுவர்களுக்காகவே எழுதியது. வாத்தியார் கேள்வி கேட்பார், மாணவர் பதில் சொல்லுவார். அந்தக் கேள்வி-பதில் வடிவம்தான் இதன் முக்கியம். ஜெபத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு அர்த்தம் தெரியுமா என்று கண்டுபிடிக்க முடியாது. கேள்வி கேட்டால், பதில் எங்கே தடுக்குகிறது என்றாவது தெரியும். பதிலையும் மனப்பாடம் பண்ணிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம், நியாயம்தான்.

இந்தப் புத்தகங்களைப் படிப்பது இன்று நமக்கே சிரமம். ஓலைச்சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அந்த வார்த்தையை வீட்டில் கேட்டுப் பழகியவரால்தான் சரியாக வாசிக்க முடியும்.

இதெல்லாம் தனி ஆள் செய்த வேலை இல்லை. பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து இயேசு சபையில் குருவான பேரோ லூயிஸ் தமிழில் உதவினார். அச்சுக்கான பணத்தில் பரதவர்களின் பங்கும் இருந்தது. 1586-ல் 600 பக்கங்களைத் தாண்டிய 'அடியார் வரலாறு' வந்தது.

இதற்கு நடுவில் வாழ்க்கை ஒன்றும் அமைதியாகப் போகவில்லை. புன்னைக்காயலில் மக்கள் உதவியோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1553-ல் அந்த ஊர் தாக்கப்பட்டபோது கைதியாகப் பிடிபட்டார். விடுதலையாகி வந்து மறுபடி அதே கடற்கரைதான்.

இன்றைக்கு இது ஏன்?

பிள்ளைக்குப் புரிகிற தாய்மொழிதான் பாடம் தொடங்க நல்ல இடம் என்று யுனெஸ்கோ ஓர் அறிக்கையில் சொன்னது 1953-ல். அண்டிரிக் கல்வியாளர் இல்லை, மதம் பரப்ப வந்தவர். கேள்வி கேட்டுச் சிந்திக்கும் பிள்ளைகள் அவர் நோக்கமும் இல்லை. ஆனாலும் புரியாத சத்தத்தைத் திரும்பச் சொல்வது படிப்பு ஆகாது என்பது வேலையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று உட்கார்ந்திருக்கிறார்கள். அமைதியாக இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா, மொழி புரியவில்லையா, பேசுவதிலேயே ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க, அந்தப் பிள்ளையின் மொழியில் நாலு வார்த்தையாவது தெரிந்த ஒருவர் வகுப்பில் வேணும்.

அண்டிரிக் 1600-ல் இறந்தார். 50 வருடத்துக்கும் மேலாக இந்தக் கடற்கரை வேலையிலேயே இருந்தவரை அடக்கம் செய்தது தூத்துக்குடியில். அவருடைய இலக்கணக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல்தான் வந்தது. 'தம்பிரான் வணக்கம்' பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். 'கிரிசித்தியானி வணக்கம்' நூலை ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து, 1963-ல் தூத்துக்குடியிலேயே மறுபடி அச்சிட்டார்கள். இந்த முறை புள்ளி வைத்துப் படிக்கப் பழகியவர்கள் கையில்.