கணக்கருக்கு ஒரு கணினிமொழி

செட்டிநாட்டிலிருந்து கடல்கடந்து வணிகம் செய்த நகரத்தார், தம் வரவுசெலவைப் பேரேட்டில் தமிழிலேயே எழுதினர். கணக்கு, அதைக் கையாள்வோருக்குப் புரியும் மொழியில் அமைதல் வேண்டும். கணினி உலகில் இக்கருத்தை நிலைநாட்டப் பாடுபட்டவர் கிரேஸ் ஹாப்பர்.

அவர் 1906ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கற்பித்தார். உலகப்போரின்போது கடற்படையில் சேர விரும்பிய அவருக்கு உடல் எடைக் குறைவு தடையாயிற்று. எனினும், சிறப்பு அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். ஹார்வர்டில் 'மார்க் ஒன்று' கணினிக்கு நிரல் எழுதினார்.

அக்காலத்தில் கணினிக்கான கட்டளைகள் எண்களாலும் குறியீடுகளாலும் அமைந்தன. வணிகக் கணக்கர்களுக்கு அவை எளிதில் விளங்கவில்லை. அன்றாட ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடலாம் என்றார் ஹாப்பர். கணினிக்குச் சொற்கள் புரியா எனப் பலர் மறுத்தனர். அவரோ தளராமல், தம் குழுவினருடன் 'ஃப்ளோமேட்டிக்' மொழியை உருவாக்கிக் காட்டினார். அதனைப் பெரிதும் அடியொற்றி, 1959இல் அமைந்த குழு 'கோபோல்' மொழியை வடிவமைத்தது. அப்பணியில் ஹாப்பர் ஆலோசகராக விளங்கினார்.

ரியர் அட்மிரலாக உயர்ந்த அவர், 1986இல் தம் 79ஆம் அகவையில் ஓய்வு பெற்றார், 1992இல் மறைந்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும், வங்கிகளின் பெருமுகக் கணினிகளில் கோபோல் இன்றும் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறது.