மாண்டலே சிறையில் ஒரு கர்மயோகி

1892-ஆம் ஆண்டில் ஒரு நாள். பம்பாயிலிருந்து புனா செல்லும் ரயிலில் இளம் துறவி ஒருவர் ஏறி அமர்ந்தார். வழியனுப்ப வந்திருந்த குஜராத்தி அன்பர்கள் சிலர், அதே பெட்டியில் இருந்த ஒருவரிடம் அவரை அறிமுகம் செய்து, புனாவில் அவருடைய இல்லத்திலேயே தங்க வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டனர். அவரும் மகிழ்வுடன் இசைந்தார். துறவியிடம் ஒரு மான்தோலும் மாற்றுடை ஒன்றிரண்டும் ஒரு கமண்டலமும் இருந்தன. காசு என்று ஒன்றும் இல்லை. பெயரைக் கேட்டபோது, தாம் ஒரு சந்நியாசி என்பதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை.

விருந்தளித்தவர் லோகமான்ய பாலகங்காதர திலகர். விருந்தினர் சுவாமி விவேகானந்தர் என்பது, சிகாகோ மாநாட்டிற்குப் பிறகு செய்தித்தாள்களில் வெளிவந்த படத்தைக் கண்டபோதுதான் திலகருக்குத் தெளிவாயிற்று.

சுவாமிஜி அந்த இல்லத்தில் தங்கியிருந்த ஒரு வார காலத்திற்கும் மேலாக அத்வைதத்தையும் வேதாந்தத்தையும் பற்றி இருவரும் அளவளாவினர். அவற்றுள் ஒரு செய்தியைத் திலகர் பின்னாளில் தனியாக நினைவுகூர்ந்தார். கீதை செயலைத் துறக்கச் சொல்லவில்லை, பலனில் பற்றின்றிச் செயல்புரியவே தூண்டுகிறது என்பதில் துறவியும் இல்லறத்தாரும் ஒரே கருத்தினராக இருந்தனராம். காவியுடுத்தவரிடமிருந்தே அந்த இசைவு கிடைத்தது திலகருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

கீதையோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பு அதற்கும் இருபது ஆண்டுகள் முந்தையது. 1856 ஜூலை 23 அன்று ரத்னகிரியில் பிறந்த திலகரின் தந்தை கங்காதர பந்த் பள்ளி ஆசிரியர். வடமொழியில் புலமை மிக்கவர். 1872-இல் அவர் இறுதி நோயில் படுத்திருந்தபோது, கீதைக்கு மராத்தியில் எழுதப்பட்ட உரை ஒன்றை அவர் அருகிலிருந்து படித்துக் காட்டும் பணி பதினாறு வயது மகனுக்கு வாய்த்தது. அந்த இளம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டுவிட்டு, பிச்சை ஏற்று வாழவும் ஆயத்தமாக நின்றவன் அர்ஜுனன். அவனை மீண்டும் போரிடச் செய்வதற்காகச் சொல்லப்பட்ட நூல், ஞானத்தினாலோ பக்தியினாலோ தனக்கு மட்டும் முக்தி தேடும் வழியைப் போதிப்பது எவ்வாறு பொருந்தும்? விடை காண அவருக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடைப்பட்ட வாழ்வை நாடறியும். எனினும் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். 1880-இல் நண்பர்களுடன் புனாவில் பள்ளி தொடங்கினார்; 1884-இல் டெக்கான் கல்விச் சங்கம் உருவாயிற்று. சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்கள் எளிய ஊதியத்துடன் நிறைவடைய வேண்டும், வெளியில் ஈட்டும் பொருளும் சங்கத்திற்கே சேர வேண்டும் என்பது திலகரின் உறுதியான நிலை. நண்பர்கள் சிலர் இதற்கு இணங்கவில்லை. 1890-இல் தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு விலகினார். செயலைத் துறக்க வேண்டியதில்லை என்று பின்னாளில் வாதிட்டவர், செயலால் வரும் ஆதாயத்தைத் துறப்பதில் தோழர்களைவிடக் கடுமையாக இருந்தார்.

1901-இல் காங்கிரஸ் மாநாட்டிற்காகக் கல்கத்தா சென்றபோது, பேலூர் மடத்தில் சுவாமிஜியை மீண்டும் சந்தித்தார். தேநீர் அருந்தும்போது சுவாமிஜி நகைச்சுவையாக ஒரு யோசனை கூறினார்: திலகர் உலகைத் துறந்து வங்காளத்தில் தமது பணியை ஏற்கட்டும், மகாராஷ்டிரத்தில் அதே பணியைத் தாம் செய்வதாக. சொந்த மாநிலத்தைவிட வெளியில்தான் ஒருவரின் சொல் எடுபடும் என்பது காரணம்! திலகர் துறவேற்கவில்லை. அவருக்குச் சிறைதான் காத்திருந்தது.

முசாபர்பூர் குண்டுவெடிப்பை ஒட்டி ‘கேசரி’யில் எழுதிய கட்டுரைகளுக்காக 1908-இல் அவர்மீது ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. தமக்காகத் தாமே வாதாடினார். ஜூலை 22 இரவு, ஜூரிகள் ஒன்பது பேரில் எழுவர் குற்றவாளி என்றனர். ஆறு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நீரிழிவு நோயும் இருந்தது.

பர்மாவின் மாண்டலே சிறையில், வெயிலையும் குளிரையும் முழுமையாகத் தடுக்காத மரக் கட்டடத்தில் அவர் வைக்கப்பட்டார். ஏராளமான நூல்களைத் தருவித்துப் படித்தார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளைத் தாமே கற்றார். 1910 நவம்பரில் தொடங்கி 1911 மார்ச்சுக்குள், சுமார் ஐந்தே மாதங்களில், பென்சிலால் எழுதி ‘கீதா ரகசியம்’ என்ற பெருநூலின் முதற்படியை முடித்தார். உரைகளையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு மூலத்தை மட்டுமே பலமுறை படித்துத் தாம் கண்ட முடிவை அதில் நிலைநாட்டினார்.

செயல் சித்தத்தைத் தூய்மையாக்கும். ஞானம் உதித்தபின் செயல் தானே நழுவும். அதன்பின் துறவே நெறி என்பது ஆதிசங்கரரின் உரை. ஞானம் உதித்த பின்னரும் ஜனகரைப் போல உலக நன்மைக்காக, அதாவது லோகசங்கிரகத்திற்காக, செயலாற்றிக்கொண்டே இருப்பதைத்தான் கீதை உயர்வாகக் கூறுகிறது என்றார் திலகர். துறவும் வீடுபேற்றுக்கு வழியே என்பதை அவர் மறுக்கவில்லை. அவர் விடச் சொன்னது ஆசையை, வேலையை அன்று. அத்வைத மரபில் வந்த அறிஞர் பலர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. நூல் முழுவதிலும் சங்கரரின் வாதங்களை அவர் எவ்வளவு கவனமாக எடுத்துக்கொள்கிறார் என்பதைப் படிப்பவர் உணரலாம்.

எழுதுவது ஒன்று, அதன்படி நிற்பது வேறொன்று. 1912 ஜூனில் மனைவி சத்யபாமா பாய் புனாவில் காலமானார். சிறையில் இருந்த கணவருக்குத் தந்திதான் வந்தது. துன்பங்களை அமைதியாகத் தாங்கப் பழகியவன் தான் எனினும், இந்த அடி தன்னை வெகுவாக உலுக்கிவிட்டது என்பதை மருமகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. அதே கடிதத்தில் பிள்ளைகளின் படிப்பு தடைபடக் கூடாது என்றும் எழுதினார். பற்றின்மையைக் கல்நெஞ்சம் என்று எண்ணுவோர் அக்கடிதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அவர் கலங்கினார், கடமையை மறக்கவில்லை.

1914 ஜூனில் விடுதலை ஆனபோது கையெழுத்துப் படியை அரசு உடனே திருப்பித் தரவில்லை. ஐந்து மாத உழைப்பு, நாற்பதாண்டுச் சிந்தனையின் ஒரே பிரதி! நண்பர்கள் பதைத்தனர். ஏடுகள்தாம் அவர்களிடம் உள்ளன, நூல் தம் மனத்தில் உள்ளது. சிம்மகட்டில் அமர்ந்து மீண்டும் எழுதிவிடலாம் என்று திலகர் அமைதியாக இருந்தாராம். சில காலம் கழித்து ஏடுகள் திரும்பி வந்தன. 1915 ஜூனில் நூல் வெளியாயிற்று. மாதவராவ் சப்ரே அதனை இந்தியில் தந்தார். திலகரோ அதற்குள் சுயாட்சி இயக்கத்தில் மூழ்கி, மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்துகொண்டிருந்தார்.

1920 ஆகஸ்ட் 1 அன்று பம்பாயில் அவர் காலமானார். கொட்டும் மழையில் லட்சக்கணக்கானோர் இறுதி ஊர்வலத்தில் சென்றனர்; காந்தியடிகளும் பாடையைச் சுமந்தார். சௌபாட்டி கடற்கரையில் சந்தனச் சிதை அடுக்கப்பட்டது. இறுதிவரை இல்லறத்தாராகவே வாழ்ந்த அவருடைய உடலைக் கிடத்தாமல், யோகியரைப்போல் பத்மாசனத்தில் அமர்த்தியே எரியூட்டினர்.